தோலில் பிறந்த ரனியேரிப் பிரபு

1954-ஆம் வருஷம் பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, திண்டுக்கல் பேகம்பூரில் அப்துல் சுக்கூர் ராவுத்தரின் தோல் பதனிடும் ஷாப்பில், தொப்பம்பட்டிச் சந்தையிலிருந்து வந்த ஒரு வெள்ளாட்டுத் தோலில், இத்தாலி தேசத்துப் பிரபு ஒருவர் பிறந்தார். பிரசவம் பார்த்தவர் பீர் முகமது. சுண்ணாம்புக் குழியில் எட்டு நாள் கிடந்து மயிர் உதிர்ந்த தோலைச் சாய்வு மரத்தின் மேல் விரித்து, இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தியால் உள்பக்கச் சதையை வழித்து எடுப்பது அவருடைய வேலை. அன்றைக்குச் சதை வழிந்த இடத்தில் பழுப்பு நிறத்தில் வரி வரியாக எழுத்துகள் கிடந்தன. நரம்பு என்று நினைத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். போகவில்லை. பீர் முகமதுவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றாலும் ஓதத் தெரியும், அரபு எழுத்தின் முகம் தெரியும். இது அரபு இல்லை, ஆகவே கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டியதில்லை. தமிழும் இல்லை. முதலாளியைக் கூப்பிட்டார். ராவுத்தர் தோலை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எழுத்து இருந்தா இருந்துட்டுப் போகுது. ஓட்டை கீட்டை இருக்கா பாரு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓட்டை இல்லை. இங்கிலீஷ் எழுத்துப் போலவும் இங்கிலீஷ் இல்லாமலும் இருந்ததைப் படித்துச் சொல்ல மேட்டுப்பட்டியிலிருந்து மரியசெல்வம் வந்தார். குருமடத்தில் ஏழு வருஷம் லத்தீன் படித்து, குருப்பட்டம் வாங்க ஒரு மாதம் இருக்கும்போது ஒரு பெண்ணுக்காக அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுச் சுருட்டுக் கம்பெனியில் கணக்கப்பிள்ளையானவர். படித்த படிப்பு அதுவரை பூசையில் மற்றவர்களைவிடச் சத்தமாகப் பதில் சொல்ல மட்டும்தான் பயன்பட்டிருந்தது. அவர் தோலின் முன்னால் குந்தி உட்கார்ந்து, முதல் வரியைப் படித்து, இன்னொரு தடவை படித்து, பிறகு எல்லோருக்கும் கேட்கிறாற்போல லத்தீனைத் தமிழில் சொன்னார்: ஆண்டவருடைய ஆயிரத்து இருநூற்றொன்றாம் வருஷத்தில், பாறை மலையின் மேலிருக்கும் கோட்டையில், ரனியேரி என்னும் பிரபு காலை முன்னே நீட்டிக்கொண்டு பிறந்தார். தாய்க்கும் பிள்ளைக்கும் சுகம். எழுநூற்றைம்பது வருஷத்துக்கு முந்திப் பிறந்தவருக்கு இப்போது எதற்குப் பிரசவம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தாய்க்குச் சுகம் என்றதில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி இருந்தது.

அதற்குப் பிறகு இருநூறு முந்நூறு தோலுக்கு ஒன்றாகப் பிரபுவின் வாழ்க்கை வந்துகொண்டே இருந்தது. தொப்பம்பட்டி ஆடுகளில் வீட்டு விவகாரம் வரும், நெய்க்காரப்பட்டி ஆடுகளில் சண்டை சச்சரவு வரும். நெய்க்காரப்பட்டி ஆடு கொஞ்சம் முரடு என்பது தெரிந்த விஷயம்தான். பதனிடுகிற ஆவாரம்பட்டைக் குழிக்குள் தோல் இறங்கியதும் எழுத்து மறைந்துவிடும், ஆகவே மெட்ராஸ் வியாபாரிகளுக்கு ஒன்றும் தெரியாது. அந்தத் தோல்கள் கப்பலேறிப் போய்ச் செருப்பாகின. பிரபு பல் முளைத்த கதையை யாரோ ஒரு துரை காலில் போட்டுக்கொண்டு நடந்திருப்பார். பேகம்பூருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, மரியசெல்வத்துக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அதனால் ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் சைக்கிளில் நேராகத் தோல் ஷாப்புக்கு வந்துவிடுவார். எழுத்துத் தோலைப் பீர் முகமது ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருப்பார். நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத ஜனமெல்லாம் வந்து நின்றது. ஏழு வயதில் பிரபு குதிரையிலிருந்து விழுந்தார். பதினைந்தில் யுத்தத்துக்குப் போனார். இருபத்திரண்டில் கொஸ்தான்ஸா என்ற பெண்ணைக் கட்டினார். கல்யாணத் தோல் வந்த அன்று ராவுத்தர் வேலையாட்கள் அத்தனை பேருக்கும் பிரியாணி போட்டார். கேட்டால், அது தன் பேரனுடைய சுன்னத்துக்காகப் போட்டது என்பார். பேரனுக்குச் சுன்னத்து முடிந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது.

பீர் முகமதுவுக்குப் பிரபு மேல் உண்டான பாசத்தை என்னவென்று சொல்வது. முகம் தெரியாது, பாஷை தெரியாது, ஆனால் அந்த மனுஷனை முதலில் தொடுகிற கை தன் கைதான் என்பது அவருக்குத் தெரியும். எழுத்து தட்டுப்படுகிற மாதிரித் தோன்றினால் கத்தியைச் சாய்த்துக்கொள்வார், மூச்சைப் பிடித்துக்கொள்வார். பிரபுவுக்கு அக்னெஸ் என்று ஒரு மகள் பிறந்தபோது, தனக்கு இருக்கிற இரண்டு பெண்களோடு இதையும் சேர்த்து மூன்று என்று வீட்டில் சொன்னார். அவர் மனைவி சைனம்பு, “அதுக்கும் நகை சேர்த்து வைக்கணுமா மச்சான்?” என்று கேட்டாள்.

1959-இல் மழை பொய்த்தது. திண்டுக்கல்லில் எப்போதுமே தண்ணீர் இரண்டு வகை. உப்புத் தண்ணி காலடியில் கிடைக்கும், நல்ல தண்ணிக்கு நடக்க வேண்டும். அந்த வருஷம் பேகம்பூர்ப் பெண்கள் ஒன்றரை மைல் தள்ளியிருந்த ஒரு தோட்டத்துக் கிணற்றுக்கு விடியுமுன் போய் நின்று, ஆளுக்கு நாலு குடம் கொண்டு வந்தார்கள். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று, அப்படி இரண்டு நடை. இந்த ஊருக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று வெளியூர்க்காரர்கள் சொன்னதில் தப்பே இல்லை. அதே வருஷம் சித்திரையில் நெய்க்காரப்பட்டித் தோல் ஒன்றில் பிரபுவின் கோட்டையை எதிரிகள் வளைத்துக்கொண்டார்கள். பக்கத்து நகரத்துப் படையும், வரி விஷயத்தில் பிரபுவோடு மனஸ்தாபம் கொண்ட ஒரு பிஷப்பின், அதாவது மேற்றிராணியாரின் படையும் மலையைச் சுற்றி இறங்கிவிட்டன. மேற்றிராணியார் எதிர்ப்பக்கம் நின்றதில் மரியசெல்வத்துக்குக் கொஞ்சம் சங்கடம்தான், அந்த வரியை மட்டும் முணுமுணுப்பாகப் படித்தார். கோட்டைக்குள் நூற்றுநாற்பது உயிர். பாறையில் வெட்டிய தொட்டியில் தண்ணீர் சேறாகிவிட்டது. குழந்தைகள் சுவரின் ஈரத்தை நக்குகிறார்கள். தண்ணீர் இல்லாத கஷ்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு லத்தீனிலிருந்து மாற்றிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

எல்லோரும் போன பிறகு பீர் முகமது செய்ததுதான் பிழை. மனசு கேட்காமல், தோல்களை ஊறப்போடுகிற தொட்டியிலிருந்து இரண்டு வாளி மொண்டு, அந்தத் தோலின் மேல் நன்றாக விழும்படி ஊற்றினார். தோல் ஷாப்பில் இருபது வருஷம் நின்றவனுக்குத் தொட்டியில் கிடப்பதெல்லாம் தண்ணீர்தான். உப்புப் போட்டுக் கட்டி வருகிற தோல் அதில்தான் உப்பைக் கக்கும் என்பதும், பக்கத்துக் குழியின் சுண்ணாம்பு அதில் எப்போதும் கசியும் என்பதும் அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஊற்றுகிற நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

மறுநாளே அடுத்த எழுத்துத் தோல் வந்தது. பொறுக்க முடியாமல் பீர் முகமது ஆள் அனுப்பியதால், மரியசெல்வம் கம்பெனியில் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வந்து படித்தார். மேகமே இல்லாத வானத்திலிருந்து பிரபுவின் கோட்டையின் மேல் மட்டும் மழை பெய்தது. அடிவாரத்தில் நின்ற எதிரிகள் மேல் ஒரு சொட்டு விழவில்லை. கோட்டையில் இருந்தவர்கள் வாயைத் திறந்து நின்று குடித்தார்கள். அந்த மழை கைத்தது, கரித்தது, குடலை அறுத்தது. ஏழு குதிரைகளும் பதினோரு பேரும் செத்தார்கள். பதினோராவது ஆள், பிரபுவின் மகள் அக்னெஸ், வயது ஆறு.

பீர் முகமது சாய்வு மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “அண்ணே, அந்தத் தண்ணி நான் ஊத்துனது” என்றார்.

“எந்தத் தண்ணி பாய்?”

“ஊறத் தொட்டித் தண்ணி. உப்பும் சுண்ணாம்பும். நேத்து நீங்க போனதுக்கப்புறம் ரெண்டு வாளி ஊத்துனேன். புள்ளைய நான்தான் கொன்னேன்.”

மரியசெல்வம் தொட்டியைப் பார்த்தார், தோலைப் பார்த்தார். “மிச்சம் நூத்திருபத்தொம்பது பேரு இருக்காங்க பாய். நாளைக்கு நல்ல தண்ணி ஊத்துங்க” என்று மட்டும் சொன்னார்.

நல்ல தண்ணீர் என்றால் சைனம்பு சுமந்து வந்த நாலு குடத்தில் ஒரு குடம். முற்றுகை நாட்களில் தினம் ஒரு தோல் வந்தது, தினம் ஒரு குடம் போயிற்று. இரண்டு நாள் சைனம்பு குடத்தில் விரிசல் என்று நினைத்தாள். மூன்றாம் நாள், புருஷன் குடத்தை வேட்டியால் மூடித் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் எழுந்த சத்தம் பள்ளிவாசல் வரை கேட்டது என்பார்கள். நான் பெற்ற பிள்ளைகள் நாக்கை நனைக்க வழியில்லை, எழுநூறு வருஷத்துக்கு முந்திச் செத்துப்போன சீமைக்காரனுக்கு என் தலைச்சுமையா என்று கேட்டாள். பீர் முகமது, “அவரு இன்னும் சாகலை புள்ள. தோல்ல உசுரோடதான் இருக்காரு. நம்மளால அவரு மக போயிட்டா” என்று சொல்லி அழுதார். அவர் அழுது சைனம்பு பார்த்ததில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்தக் குடத்தைத் தானே இடுப்பில் வைத்து, பெண்கள் காலெடுத்து வைக்காத அந்தத் தோல் ஷாப்புக்குள் நுழைந்தாள். சந்தேகம் இருந்தால் நேரில் கேட்டுவிடுகிற ஜாதி அவள்.

மரியசெல்வம் அப்போது கம்பெனி விட்டு வந்து அன்றைய தோலைப் படித்துக்கொண்டிருந்தார். அதில், மழை இப்போது இனித்தது. தொட்டியில் நிறைந்ததை வாளியில் மொண்டு, பிரபுவே தோளில் சுமந்து படியிறங்கினார். லாயத்து வேலைக்காரர்களுக்கு முதலில், காயம்பட்டவர்களுக்கு அடுத்து, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதன் பிறகு, தனக்குக் கடைசியில். மகளை வாரிக்கொண்டு போன மழையை அவர் மறக்கவில்லை. ஒவ்வொரு வாளியிலும் முதல் சொட்டைத் தன் நாக்கில் தொட்டுப் பார்த்து, தான் சாகவில்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்தவருக்குக் கொடுத்தார்.

“ஏண்ணே,” என்றாள் சைனம்பு, “ஆம்பளையா தண்ணி சுமக்குறாரு?”

“ஆமா தங்கச்சி. பிரபுவேதான்.”

“அவரு வீட்ல பொம்பளைக இல்லையா?”

“இருக்காங்க. இவரு சுமக்குறாரு.”

திண்டுக்கல்லில் அதுநாள்வரை வீட்டுக்குத் தண்ணீர் சுமந்த ஆண்பிள்ளையை எவளும் கண்டதில்லை. சைனம்பு அந்தத் தோலுக்கு மேல் குனிந்து பார்த்தாள். எழுத்தில் அவளுக்கு என்ன தெரிந்ததோ. “எத்தனை படி எறங்கணுமோ பாவம்” என்று சொல்லிக்கொண்டே குடத்தைச் சரித்து, ஒரு சொட்டு தரையில் சிந்தாமல், தலைமாட்டிலிருந்து கால்மாடு வரைக்கும் ஊற்றினாள். அன்றிலிருந்து புருஷன் குடத்தை மறைத்து எடுத்துப்போகத் தேவைப்படவில்லை. அவளே கொண்டுவந்தாள்.

நாற்பது நாள் இப்படி நடந்தது. பிள்ளைகளுக்குக் கஞ்சி நீர்த்துப்போனது என்று சொல்லலாம் என்றால், நீர்க்கவும் தண்ணீர் இல்லாமல் கெட்டியானது. துணிகள் உப்புத் தண்ணியில் அலசி அட்டை போல் விறைத்து நின்றன. நாற்பதாம் நாள் தோட்டத்துக் கிணறு வற்றிவிட, சைனம்பு உள்ளே இறங்கி, சிரட்டையால் சுரண்டிச் சுரண்டி அரைக் குடம் கொண்டு வந்தாள். வீட்டில் ஒரு செம்பு மிச்சம் இருந்தது. அரைக் குடத்தையும் கொண்டுபோய் ஊற்றினாள். மறுநாள் தோலில் யுத்தம் முடிந்தது. நாற்பது நாளாக ஒரு வீட்டின் மேல் மட்டும் மழை பெய்வதை உலர்ந்த நாக்கோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த எதிரிப் படை, ஏணிகளைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டது. பிரபு கதவைத் திறந்து, வாளியோடு இறங்கி வந்தார். முதல் சொட்டைத் தான் சுவைத்துவிட்டு, மேற்றிராணியாரின் தளபதிக்குக் குடிக்கக் கொடுத்தார். மரியசெல்வம் இதைப் படித்து முடித்தபோது குழிக்குள் நின்றவன் குழிக்குள்ளேயே நின்றான். திண்டுக்கல்லில் மழை பெய்யவில்லை. அதற்கு இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று.

பிரபுவின் மற்ற வருஷங்கள் அமைதியாகக் கழிந்தன. கொஸ்தான்ஸாவுக்கு இன்னும் இரண்டு ஆண்பிள்ளைகள் பிறந்தார்கள். திராட்சைத் தோட்டம் போட்டார், வழக்கு ஒன்றில் தோற்றார், முழங்காலில் வாதம் வந்தது. மலை மேல் ஆயிரம் பேர் குடிக்கிற அளவுக்குப் பெரிய தொட்டி வெட்டினார். ஆனால் எந்த மழையானாலும், எந்த விருந்தானாலும், முதல் சொட்டை நாக்கில் தொட்டுப் பார்க்காமல் அவர் தண்ணீர் குடிக்கவே இல்லை. அந்த வரி வருகிறபோதெல்லாம் பீர் முகமது தலையைக் குனிந்துகொள்வார். அவருடைய பயம் ஒன்றே ஒன்றுதான். மௌத்தாகப் போகிறவரிடம், அவர் சாகுமுன், தான் செய்த தீங்குக்கு ஹக்கைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுவிட வேண்டும், செய்த குற்றத்தை இருப்பவர் மன்னித்தால்தான் உண்டு, போனபின் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. எந்தத் தோலில் பிரபு போய்விடுவாரோ. பீர் முகமது கம்பம் ஊரில் நடந்த தன் மைத்துனன் கல்யாணத்துக்குப் போகவில்லை, அந்த நாளில் தோல் வந்துவிட்டால்? ஒவ்வொரு எழுத்துத் தோலிலும் வாயை வைத்து, “அந்த மொத மழைக்கு ஹக்கைப் பொறுத்துக்கிடுங்க பிரபு” என்று சொல்லிப் பார்த்தார். தண்ணீர் போய்ச் சேர்ந்த இடத்துக்குப் பேச்சுப் போய்ச் சேரவில்லை. அடுத்த தோலில் அதைப் பற்றி ஒரு வரியும் இராது. ஒருநாள் ராவுத்தர் இதைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் அந்தப் பக்கம் திரும்பிப் போய்விட்டார். ஏழு வருஷம் அப்படிப் போயிற்று.

1966 ஆடி மாதம். மாதா கோயிலில் பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிவிட்டிருந்தது. லத்தீனுக்கு ஊரில் மிஞ்சியிருந்த ஒரே வேலை தோல் ஷாப்பில்தான். மரியசெல்வம் கண்ணாடி போட்டிருந்தார். நெய்க்காரப்பட்டித் தோல் ஒன்று, வழக்கத்துக்கு மாறாக மென்மையாக, கத்தி பட்டதும் சதை தானாக விட்டுக்கொடுத்தது. எழுத்து பாதித் தோல் வரைதான் இருந்தது. ரனியேரிப் பிரபுவுக்கு எழுபத்தொரு வயது. படுத்துவிட்டார். மகன்கள் திராட்சை ரசம் கொடுத்தார்கள், வேண்டாம் என்றார். தொட்டித் தண்ணீர் கொடுத்தார்கள், உதட்டை மூடிக்கொண்டார். மூன்று நாளாகக் கூரையைப் பார்த்து வாயைத் திறந்தபடி கிடக்கிறார். அவர் என்ன கேட்கிறார் என்று அங்கே எவருக்கும் புரியவில்லை. அந்த இடத்தில் எழுத்து நின்றது. கீழே வெறும் தோல்.

பீர் முகமதுவுக்குப் புரிந்தது, மேலிருந்து விழுகிற மழையைக் கேட்கிறார். சைனம்புவுக்கு ஆள் ஓடியது. நகரசபைக் குழாயில் மூன்று நாளைக்கொரு தடவை தண்ணீர் விடுகிற காலம் அது. வரிசையில் நின்று முதல் குடத்தைப் பிடித்தவள், மற்ற மூன்று குடங்களையும் குழாயடியிலேயே விட்டுவிட்டு, அதை வீட்டில் இறக்காமல் அப்படியே தோல் ஷாப்புக்குக் கொண்டு வந்தாள். போகிற உயிருக்கு வாயில் தண்ணீர் விடுவது எல்லா மதத்திலும் உண்டு, அதற்கு யாரிடமும் விளக்கம் கேட்க வேண்டியதில்லை. பீர் முகமது தோலை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டார். எப்போதும் முணுமுணுக்கிறவர் அன்றைக்குச் சத்தமாகவே சொன்னார்: “பிரபு, ஊறத் தொட்டித் தண்ணிய ஊத்துனவன் நான்தான். உங்க மகளக் கொண்டுபோனது என் கைதான். ஹக்கைப் பொறுத்துக்கிட்டீங்கன்னா இந்தத் தண்ணியக் குடிங்க. இல்லைன்னா குடிக்காதீங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன்.” சைனம்பு உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி, எழுத்து நின்ற இடத்தில் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று தெரியவில்லை. வேலையெல்லாம் நின்றுபோயிற்று. ராவுத்தரே தலையில் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். ஈரம் காய்ந்துகொண்டு வந்தபோது, வெறும் தோலாயிருந்த இடத்தில், அத்தனை கண்களும் பார்த்துக்கொண்டிருக்க, வேர்வை துளிர்க்கிற மாதிரி எழுத்துகள் மேலே எழும்பின. ஒரே ஒரு வரி. மரியசெல்வம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். படித்தார்.

“என்னண்ணே போட்டிருக்கு?” என்றார் பீர் முகமது.

“நாக்குல தொட்டுப் பாக்கலை பாய்,” என்றார் மரியசெல்வம். “அப்படியே குடிச்சுட்டாரு.”

பீர் முகமது தோலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வயதான மனுஷன், சத்தம் போட்டு அழுதார். அதற்குப் பிறகு பேகம்பூருக்கு வந்த தோல்கள் வெறும் ஆட்டுத் தோல்கள்.

சைனம்பு காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குத் திரும்பினாள். அவள் முறை எப்போதோ போய்விட்டிருந்தது, வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது. கடைசியில் போய் நின்றவளின் முகத்தைப் பார்த்து, முன்னால் நின்ற பேச்சாயி, “என்னக்கா, என்ன ஆச்சு?” என்று கேட்டாள். “எங்க பிரபு மௌத்தாயிட்டாரு” என்றாள் சைனம்பு. எந்தப் பிரபு என்று பேச்சாயி கேட்கவில்லை. சாவு வீட்டுக் குடத்துக்கு வரிசை கிடையாது என்பது அந்தக் குழாயடியின் சட்டம். அவள் தன் குடத்தை நகர்த்திக்கொண்டு, “ஏய், சாவு வீட்டுக் கொடம், வழி விடுங்கடி” என்று குரல் கொடுத்தாள். தெருமுனையிலிருந்து குழாய்வரை ஒவ்வொருத்தியாகக் குடத்தை இழுத்து வழிவிட்டார்கள். சைனம்பு முன்னால் போய் நாலு குடம் பிடித்தாள்.